எண்பத்தைந்து கிலோ நியாயம்

என் எடையைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாத ஆளை ஆம்பூரில் நான் இன்னும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு காத்தடிச்சா பறந்துடும் போல" என்று சிரித்துவிட்டு, அம்மா வைத்த பஜ்ஜியை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போனார்கள். ஷூ கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் அக்காக்கள் மதியம் டப்பாவைத் திறந்தால் முதல் உருண்டையை என் பக்கம்தான் நீட்டுவார்கள். ரத்ததான முகாமுக்குப் போனால் டாக்டர் தராசைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். பெயர் பிரிசில்லா, வயது இருபத்தொன்பது, எடை நாற்பத்தாறு கிலோ, வேலை ஷூக்களின் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். தின்கிறேன், நன்றாகவே தின்கிறேன். உடம்பில் ஒட்டவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

இந்த உடம்பு எனக்கு உபகாரம் செய்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது தபரேஸ் பாயின் கார்ட் டிராக்.

கார்ட் என்றால் குழந்தைகள் விளையாடுகிற வண்டி என்று நினைப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூரை கிடையாது, கதவு கிடையாது. நாம் உட்காரும் இடத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் இருக்கும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, மூடிப்போன ஒரு டேனரியின் இடத்தை வாங்கி தபரேஸ் பாய் இந்த டிராக்கைப் போட்டார். தோல் காயப்போட்ட முற்றம் நேர் ஓட்டம் ஆயிற்று. தொட்டிகள் இருந்த இடம் வளைவுகள் ஆயிற்று. மழை பெய்தால் இன்னமும் பழைய டேனரி வாசனை கிளம்பும். எங்களுக்கு அது வாசனைதான், வெளியூர்க்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள்.

கம்பெனி ஆண்டுவிழா என்று எங்களை ஒருநாள் அங்கே கூட்டிப்போனார்கள். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாஸ்டருக்கு என்மேல் வருத்தம் உண்டு. கடைசிப் பாட்டுக்கு நான் நிற்பதில்லை.

அந்த டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. கிளப்புக்கு ஒரு தலைவர் இருக்கிறார். துரைசாமி, வாணியம்பாடியில் பச்சைத்தோல் மண்டி வைத்திருப்பவர். அவர் கார்ட் ஓட்டமாட்டார், அவர் பையன் கௌதம்தான் ஓட்டுவான். ஆனால் கிளப்புக்கு டயர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதால், வண்டி எப்படி ஓட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கமிட்டியில் மற்றவர்களும் தோல் ஆட்கள்தான். ஒருவர் டேனரி, ஒருவர் கமிஷன் ஏஜென்ட், ஒருவர் தோலுக்கு அடிக்கும் கெமிக்கல் விற்கிறவர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் கோயம்புத்தூரில் அமெச்சூர் கார்ட் ஓட்டுநர்களுக்கு ஒரு பெரிய போட்டி நடக்கிறது. ஒரு கிளப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம்; எங்கள் கிளப்பில் மே மாதக் கடைசி ரேஸில் ஜெயிக்கிறவரைத்தான் அனுப்புவார்கள். அங்கே ஜெயித்தால் ஒரு ரேஸ் டீமில் ஒரு வருஷம் ஓட்ட இடம் கொடுப்பார்கள். ஆனால் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு வருகிற ஏப்ரலில் முப்பது. எடைக்கு மட்டும் அல்ல, வயதுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இந்த வருஷம் போகாவிட்டால் எனக்குக் கோயம்புத்தூர் எப்போதும் இல்லை.

இந்த வருஷம் கிளப்பின் முதல் மூன்று ரேஸையும் நான் ஜெயித்தேன். மூன்றிலும் கௌதம் இரண்டாவது. மூன்றாவது ரேஸ் முடிந்த அன்றே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் ஒல்லி, அதனால்தான் ஜெயிக்கிறாள் என்றார்கள்.

கோபம் வந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர். எண்பது கிலோ ஆளை இழுப்பதைவிட என்னை இழுப்பது எஞ்சினுக்குச் சுலபம். அதனால்தான் எல்லா ஊரிலும் குறைந்தபட்ச எடை என்று ஒரு சட்டம் வைக்கிறார்கள். சூட், ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவர் இத்தனை கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் மீதிக்கு ஈயத் தகடுகளை சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ரேஸ் முடிந்ததும் ஆளையும் ஈயத்தையும் சேர்த்து எடை போடுவார்கள். கம்மியாக இருந்தால் ஜெயித்தது செல்லாது. இது நல்ல சட்டம். எங்கள் கிளப்புக்கும் வேண்டும் என்று முதலில் கேட்டவளே நான்தான். எத்தனை கிலோ என்பதில்தான் வம்பு.

எண்ணை முடிவு செய்ய ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிராக் மாடியில் கமிட்டி கூடியது. ஓட்டுநர்கள் சார்பில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் கெமிக்கல்காரர், "வாம்மா, டீ சொல்லிடு" என்றார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். டீயை தபரேஸ் பாயே போட்டார்.

ஒவ்வொருவரும் நியாயமான எண் என்று ஒன்று சொன்னார்கள். கெமிக்கல்காரர் தொண்ணூறு என்றார். அவருடைய மச்சான் அவ்வளவு இருப்பான். டேனரிக்காரர் எழுபத்தெட்டு என்றார், அது அவருடைய தம்பி. கமிஷன் ஏஜென்டுக்கு ரேஸ் ஓட்டுகிற சொந்தக்காரர் யாரும் இல்லை, அதனால் அவருக்கு நியாயம் எதுவென்று பிடிபடவில்லை. கடைசியில் துரைசாமி தொண்டையைக் கனைத்தார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா எப்பிடி? பொதுவா பாக்கணும். எண்பத்தஞ்சு வெச்சிக்கலாம். அதான் நியாயம்."

கௌதம் சூட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு எண்பத்தாறு கிலோ. ஒரு கிலோவைத் தலைவர் பெருந்தன்மைக்காக விட்டிருந்தார்.

"எழுபது வைங்க சார்" என்றேன். "நான் சூட்டோட அம்பத்திமூணு. பதினேழு கிலோ ஈயம் ஏத்திக்கிறேன். கனமா இருக்கறவங்களுக்குத் தனி க்ளாஸ் வெச்சிடலாம். வெளியூர்ல அப்பிடித்தான் வெக்கிறாங்க."

"தனி க்ளாஸா? எங்க கௌதம் இன்னா மாடா, தனியா கட்றதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எண்பத்தைந்து என்று முடிவாயிற்று. முப்பத்திரண்டு கிலோ ஈயம் நான் ஏற்ற வேண்டும். என்னில் முக்கால்வாசியை இன்னொரு முறை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவது என்று அர்த்தம்.

அதோடு விட்டார்களா? கெமிக்கல்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "தலைவரே, இந்தப் பொண்ணு எடை போடறப்ப சூட்டுமேல தண்ணிய ஊத்திக்கிட்டு வந்தா? தோல் சூட்டாச்சே, ரெண்டு கிலோ தண்ணி குடிக்குமே."

வெளியூரில் எல்லாம் துணி சூட்தான். நாங்கள் மட்டும் தோல் சூட் போடுவோம். ஆம்பூரில் பிறந்துவிட்டு நைலானில் ரேஸ் ஓட்டினால் ஊர் காறித் துப்பும். அது தண்ணீர் குடிக்கும் என்பதும் உண்மைதான்.

துரைசாமி முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சிரிப்பு அது.

"தண்ணி ஊத்தின தோலை நான் பார்க்காததாய்யா? மண்டி வழக்கமே போட்டுடலாம். ஈரமா இருந்தா பத்துக்கு ஒண்ணு கழிவு. தீந்துது."

மண்டி வழக்கம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பச்சைத்தோல் உப்புப் போட்டு ஈரமாக வரும். அதைத் தராசில் போட்டு, தராசு காட்டுகிற எடையில் பத்துக்கு ஒரு கிலோவை ஈரம் என்று கழித்துவிட்டு, மீதிக்குத்தான் காசு கொடுப்பார்கள். எடை போடுகிறவர் ராமலிங்கம். தோல்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார், "ஈரம்" என்பார், கழித்துச் சொல்வார். என் அப்பா ஜான்சன் நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் சேகரித்து, டி.வி.எஸ்.ஸில் கட்டி, துரைசாமி மண்டிக்குத்தான் இத்தனை வருஷமாகக் கொண்டுபோகிறார். சித்திரை வெயிலில் மொரமொரவென்று காய்ந்த தோலைக்கூடக் கொண்டுபோயிருக்கிறார். ராமலிங்கத்தின் கட்டைவிரலுக்கு அதுவும் ஈரம்தான். காய்ந்தது என்று அந்த விரல் ஒருநாளும் சொன்னதில்லை.

கமிட்டியில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எல்லோரும் தோல் வாங்குகிறவர்கள். நான் மட்டும்தான் விற்கிறவர் வீட்டுப் பெண்.

"இந்தக் கழிவு எனக்கு மட்டுமா சார், எல்லாருக்குமா?" என்று கேட்டேன்.

"சட்டம்னா எல்லாருக்கும்தாம்மா" என்றார் துரைசாமி தாராளமாக. "நனையறவனுக்குத்தான் கழிவு. நனையாதவனுக்கு இன்னா பயம்?"

மே மாதம். பகல் பதினொரு மணிக்கு ரேஸ். உடம்பு முழுக்கத் தோல் சூட், தலையில் ஹெல்மெட், முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற எஞ்சின். இதில் நனையாமல் இறங்கப்போகிறவன் யார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஈரம் என்பது எதிரில் நிற்கிறவனிடம் இருக்கும் சமாச்சாரம் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. நான் டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் ரொம்பக் கம்மி.

மறுநாள் தபரேஸ் பாயிடம் போய், "நாப்பத்திமூணு கிலோ ஈயம் வேணும் பாய்" என்றேன்.

"முப்பத்திரெண்டு போதுமேம்மா. எதுக்கு ஜாஸ்தி?"

"கழிவுக்கு."

பாய் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கையில் இருந்த டீ கொட்டும்வரை சிரித்தார். "அல்லா! தொண்ணூத்தாறு. பத்துக்கு ஒண்ணு போனா எண்பத்தாறு. இதை அவங்க யாருமே யோசிக்கலியா?"

"அவங்களுக்கு யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்ல பாய்."

சிரிப்பது சுலபம், ஓட்டுவதுதான் கஷ்டம். நாற்பத்துமூன்று கிலோ ஈயத்தோடு வண்டி வேறு வண்டியாகிவிட்டது. பிரேக்கை முன்னாலேயே மிதிக்க வேண்டும். வளைவில் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. விலா எலும்பு சீட்டில் இடித்து இடித்துக் கருநீலமாயிற்று. திங்கட்கிழமை கம்பெனியில் ஒரு ஜோடி ஷூவைத் தூக்கிப் பார்க்கக் கை வரவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வலி இல்லை, ஆத்திரம். பொண்ணுக்கு உடம்பு இல்லை என்று சொன்னவர்கள் எல்லோரும் சேர்ந்து, இந்தா உடம்பு என்று என் சீட்டுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டது போல இருந்தது.

அப்பாவுக்கு வேறு பயம். "அவர்கிட்ட வம்பு வெச்சிக்காத பாப்பா. செவ்வாக்கெழம நான் அங்கதான் போய் நிக்கணும்" என்றார். அவருக்கு நான் ரேஸ் ஓட்டுவதில் ஆட்சேபம் இல்லை, துரைசாமி பையனுக்கு முன்னால் ஓட்டுவதில்தான் ஆட்சேபம்.

கௌதமைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பையன். கோயம்புத்தூர் ஆசை அவனுக்கும் இருந்தது, ஆனால் அதற்காக என்னை ஒருநாளும் இடித்துத் தள்ளியதில்லை. அதனால் மனசு கேட்காமல் ரேஸுக்கு முந்தின நாள் அவனிடம் சொன்னேன்.

"கௌதம், நீயும் ஒரு பத்து கிலோ ஏத்திக்கோ."

"எனக்கெதுக்குக்கா? நான் கரெக்டா எண்பத்தாறு."

"ஈரக் கழிவு இருக்குதில்ல?"

"அது தண்ணி ஊத்தி ஏமாத்தறவங்களுக்குக்கா" என்று சிரித்தான். என்னைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான்.

ரேஸ் அன்று துரைசாமி ஊரையே கூட்டியிருந்தார். பையன் கோயம்புத்தூர் போகப்போகிறான் என்று மண்டிக்குத் தோல் கொண்டுவருகிற அத்தனை பேரையும் அழைத்திருந்தார். இரண்டு டேக்சா பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி. ஃப்ளெக்ஸ்கூட அடித்தாகிவிட்டது. அதில் கௌதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு சிங்கம், மேலே 'கோவை புறப்பட்ட வேங்கையே' என்று எழுத்து. சிங்கமா வேங்கையா என்று அடித்தவனுக்கே தெரியவில்லை. கூட்டத்தில் அப்பாவும் இருந்தார், கழுத்தில் துண்டோடு, எனக்குக் கையாட்டலாமா கூடாதா என்ற குழப்பத்தோடு.

மண்டித் தராசை ஒரு டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ராமலிங்கம் வெள்ளைச் சட்டையில் நின்றார். துரைசாமி எல்லோர் காதிலும் விழும்படி அவரிடம் சொன்னார். "ராமலிங்கம், மண்டியில எப்பிடியோ அப்பிடியே. ஆளைப் பாக்காத."

"சரி மொதலாளி" என்றார் ராமலிங்கம். அவர் சொன்னதைச் செய்கிற மனுஷன்.

ரேஸைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. எட்டு வண்டி கிளம்பியது. முதல் வளைவிலேயே கௌதம் முன்னால் போய்விட்டான். வளைவில் நான் பிடிப்பேன், நேர் ஓட்டத்தில் அவன் போய்விடுவான். பத்துக் கிலோ அதிகம் என்பது நேர் ஓட்டத்தில்தான் தெரியும். கடைசிச் சுற்றில் அவன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் என் முன்சக்கரம் இருந்தது, அவ்வளவுதான். அவன் முதல், நான் இரண்டாவது. வெடி வெடித்தார்கள். துரைசாமி பையனைக் கட்டிப்பிடித்தவர் சட்டென்று கையை உதறிக்கொண்டார். அவருடைய பட்டுச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எடை போடுங்கப்பா, சீக்கிரம். பிரியாணி ஆறுது" என்றார்.

முதலில் கௌதம் ஏறினான். தராசில் சிவப்பு எழுத்தில் எண்பத்தாறு புள்ளி இரண்டு வந்தது. கூட்டம் கைதட்டியது. ராமலிங்கம் முன்னால் வந்தார். கௌதமின் சூட் காலரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலுக்கு இரண்டு பக்கமும் வியர்வை வழிந்தது.

"ஈரம்" என்றார். பிறகு மண்டியில் சொல்கிற அதே ராகத்தில், "எழுபத்தேழரேய்!" என்றார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

"யோவ், இன்னாய்யா பண்ற?" என்றார் துரைசாமி.

"கழிச்சேன் மொதலாளி."

"அவன் கௌதம்யா!"

"ஆளைப் பாக்காதன்னீங்களே மொதலாளி."

துரைசாமி கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். கமிட்டி பிரியாணி டேக்சாவைப் பார்த்தது. "சரி, மத்தவங்களையும் போடு, பாக்கலாம்" என்றார் கடைசியில். தபரேஸ் பாய் என் ஈயத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து தராசில் அடுக்கினார். நான் பக்கத்தில் ஏறி நின்றேன். ராமலிங்கத்தின் விரல் இன்று ஒருநாள் எனக்கு மட்டும் காய்ந்ததாகச் சொன்னாலும் கவலையில்லை, இரண்டு விதத்திலும் நான் தாண்டிவிடுவேன். ஆனால் வேறு ஏதாவது சட்டம் இப்போதே பிறந்துவிடுமோ என்றுதான் பயம். தராசு தொண்ணூற்றாறைத் தொட்டு நின்றது.

"ஈரம். எண்பத்தாறேய்!"

மற்ற ஆறு பேரும் ஏறினார்கள். எல்லோரும் கரெக்டாக எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று ஈயம் ஏற்றி வந்தவர்கள். எல்லோரும் ஈரம். கெமிக்கல்காரரின் மச்சான் ஒருவன்தான் கொஞ்சம் நெருங்கி வந்தான், அவனுக்கும் தொண்ணூற்றுமூன்றில் கழிந்து ஒரு கிலோ சொச்சம் குறைந்தது. அவன் ஏழாவதாக வந்தவன், இருந்தாலும் வருத்தப்பட்டான்.

"இவ வேணும்னே ஜாஸ்தி ஏத்திக்கிட்டு வந்திருக்கா!" என்று துரைசாமி கத்தினார்.

"ஜாஸ்திக்குச் சட்டம் இல்ல சார். கம்மிக்குத்தான் சட்டம் போட்டீங்க."

"இது வேர்வைம்மா! அவனோட சொந்த வேர்வை. ஈரம்னா தண்ணி ஊத்தறது. வேர்வை எப்பிடி ஈரமாவும்?"

கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. ரங்கம்மாள். என் அப்பாவைப் போலவே நாட்றம்பள்ளியிலிருந்து தோல் கொண்டுவருகிறவர். "ஆட்டுத்தோலுல இருக்கறதும் ஆட்டோட சொந்த ஈரம்தான் மொதலாளி. நாங்க இன்னா கொடத்துல கொண்டாந்தா ஊத்தறோம்?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. துரைசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். நாற்காலிமேல் ஏறி நின்று கையைத் தூக்கினார்.

"இந்தா பாருங்க. இந்தக் கழிவே வேணாம். தலைவர் நான் சொல்றேன், ரத்து. தராசு இன்னா காட்டுதோ அதான் எடை. கண்ணு முன்னால எண்பத்தாறுன்னு காட்டுச்சு. அதுல ஒருத்தன் வெரல வெச்சிக் கழிக்கறது எந்த ஊரு நியாயம்?"

கழிவு ரத்தானால் கௌதம் முதல், நான் இரண்டாவது. கோயம்புத்தூர் போயிற்று. இத்தனை நாள் விலா எலும்பில் வாங்கினதெல்லாம் வீண்.

ஆனால் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரங்கம்மாள் கையிலிருந்த பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அதை இன்னொருவாட்டி சொல்லுங்க மொதலாளி."

"எதை?"

"தராசு காட்றதுதான் எடைன்னு. வெரல வெச்சிக் கழிக்கறது நியாயம் இல்லன்னு. எல்லார் காதுலயும் விழட்டும். செவ்வாக்கெழம மண்டிக்கு வர்றப்ப ஞாபகம் இருக்கணுமில்ல."

ஒருவர் பின் ஒருவராகத் தட்டுகள் கீழே இறங்கின. மண்டிக்குத் தோல் போடுகிற அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கடைசி வரிசையில் என் அப்பாவும் எழுந்தார். செவ்வாய்க்கிழமை அங்கே போய் நிற்க வேண்டியவர், கழுத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

துரைசாமி நாற்காலிமேலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் தராசுக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்த பையன். இன்னொரு பக்கம் மண்டி. அவர் பையனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். திரும்பப் பையனைப் பார்க்கவில்லை.

"கழிச்சது கழிச்சதுதான்" என்றார். "சட்டம்னா எல்லாருக்கும்தான்."

நாற்காலியிலிருந்து இறங்கும்போது அவருக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

கோப்பையை அவர் கையாலேயே எனக்குக் கொடுத்தார். மைக்கைப் பிடித்துப் பேசவும் செய்தார். நம் கிளப்பில் ஆண் பெண் பார்ப்பதில்லை, பணக்காரன் ஏழை பார்ப்பதில்லை, எடையை மட்டுமே பார்க்கிறோம் என்றார். தலைவரின் சொந்த மகனுக்கே சட்டம் வளைந்துகொடுக்காத கிளப் இந்தியாவிலேயே இது ஒன்றுதான் என்று கெமிக்கல்காரர் சேர்த்துக்கொண்டார். பின்னால் இரண்டு பேர் ஃப்ளெக்ஸை அவிழ்த்து, சிங்கத்தின் முகத்தில் மடித்துக்கொண்டிருந்தார்கள். ரங்கம்மாளும் மற்றவர்களும் கீழே வைத்த தட்டைத் திரும்ப எடுக்காமலே கிளம்பினார்கள். அவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைக்கவில்லை, செவ்வாய்க்கிழமையும் பத்துக்கு ஒன்று போகத்தான் போகிறது. ஆனால் அதன் பெயர் அநியாயம் என்று துரைசாமி வாயாலேயே கேட்டுவிட்டார்கள். எனக்குக் கோயம்புத்தூர் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். தலைகால் புரியாத சந்தோஷம்.

கோப்பையோடு கை கழுவ டிராக் பின்னால் இருக்கும் குழாய்ப் பக்கம் போனேன். கௌதம் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தான். சூட்டை இடுப்புவரை இறக்கிவிட்டிருந்தான். கையுறையைப் பிழிந்துகொண்டிருந்தான், அதிலிருந்து வியர்வை சொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல ரேஸ் ஓட்டினாய் என்றேன். அவன் தலையாட்டினான்.

"அக்கா, உங்கப்பாவுக்கு எப்பவுமே இப்பிடித்தான் கழிப்பாங்களா?"

"எப்பவுமே."

"அவர் ஒண்ணும் கேக்கமாட்டாரா?"

"கேட்டா தோலைத் திருப்பி வண்டியில கட்டச் சொல்லுவாங்க."

அவன் கையுறையை இன்னொரு தரம் பிழிந்தான். பிழிய ஒன்றும் மிச்சமில்லை. குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது.

"தராசு எண்பத்தாறுன்னுதானேக்கா காட்டுச்சு? எல்லாரும் பாத்தாங்க இல்ல?"

"எங்கப்பாவும் வீட்டுக்கு வந்து இதையேதான் கேப்பாரு" என்றேன்.